புது இயங்குதளமும் பழகிய கையும்

2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்து, பத்தாண்டுக் காலம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் வீடுகளிலும் கோலோச்சிய விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுற்றது. அதற்குப் பின்வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் ஓரளவு புதிய பிராசஸரையும் இன்றியமையாத நிபந்தனைகளாக விதிப்பதால், பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியை வைத்திருப்பவர்கள், ஒன்று புதுக் கணினி வாங்க வேண்டும், அல்லது அதே கணினியில் உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில் ஒன்றை நிறுவிக்கொள்ள வேண்டும் என்ற நிலைமை உண்டாயிற்று. புதுக் கணினியே வாங்குவதென்று தீர்மானித்தவர்களிலும் ஒரு சாரார், வாங்குவதுதான் வாங்குகிறோம், மேக் வாங்கிவிடலாமே என்று அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆக, ஒரே இயங்குதளத்தில் ஆண்டுக்கணக்காகப் பழகிய மனிதர்கள் வேறோர் இயங்குதளத்துக்கு மாறுவதென்பது இன்று சாதாரண நிகழ்ச்சியாகிவிட்டது.

இப்படி மாறுகிறவர்கள் முன்கூட்டி அஞ்சுகிற விஷயம் ஒன்று. மாறிய பிறகு அவர்களை உண்மையில் வருத்துகிற விஷயம் வேறொன்று. கோப்புகள் வந்துசேருமா, புகைப்படங்கள் பத்திரமாக இருக்குமா, தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரியுமா என்பனபோன்ற கவலைகளெல்லாம் பெரும்பாலும் ஒருநாள் வேலையில் தீர்ந்துவிடுகின்றன. இணைய உலாவி எந்த இயங்குதளத்திலும் ஏறக்குறைய ஒரே முகத்துடன்தான் காட்சி தருகிறது. ஆனால் திறந்துகிடக்கும் சாளரங்களை எங்கே வைப்பது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படித் தாவுவது, ஒரே சமயத்தில் இரண்டைக் கண்முன் நிறுத்துவது எங்ஙனம், சற்றுமுன் பார்த்துக்கொண்டிருந்தது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்ற கேள்விகள் மட்டும், ஒரு நாளில் நூறு தடவை எழுந்து, ஒவ்வொரு தடவையும் எண்ணத்தின் தொடர்ச்சியை அறுத்துவிடுகின்றன. சாளரத்தை மூடும் பொத்தான் வலப்புற மூலையிலிருந்து இடப்புற மூலைக்குப் போயிருப்பது அற்ப விஷயமே. எனினும் கை அதை அறியாது.

ஈய எழுத்துகளைக் கொண்டு அச்சுக் கோத்த காலத்தில், கம்பாசிட்டர் தம் முன்னால் சாய்ந்திருந்த எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே, கண்ணைக் கைப்பிரதியின்மேல் நிறுத்தி, ககரம் எந்த அறையில், கொம்பு எந்த அறையில் என்று விரல்களின் அப்பியாசத்தாலேயே கண்டெடுத்துக் கோத்துச் செல்வார். அத்தகைய தேர்ச்சியுள்ளவரே வேறோர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே அறைகளின் வரிசை மாறியிருக்கக் காண்பாரானால், அவருடைய எழுத்தறிவு சிறிதும் குறையாதிருந்தும் கை மட்டும் தடுமாறும். இயங்குதளம் மாறுகிறவர்களின் நிலை இதுவே. கைக்குப் புதிய வரிசை படிய வேண்டுமானால், அந்த வரிசை எந்த நியாயத்தைக் கொண்டு அமைந்தது என்பதை முதலில் புத்தி அறிந்துகொள்ள வேண்டும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு சித்தாந்தங்கள்

திரையைச் சாளரங்களாகப் பிரிக்கும் எண்ணம் உருப்பெற்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1968 டிசம்பர் 9-ஆம் தேதி, அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் ஆராய்ச்சியாளர், மவுஸ் என்னும் கருவியை முதன்முறையாகப் பொதுமேடையில் இயக்கிக் காட்டியபோதே, ஒரே திரையைப் பகுதிகளாகப் பிரித்து வெவ்வேறு விஷயங்களை ஏககாலத்தில் காட்டலாம் என்பதும் நிரூபணமாயிற்று. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் நிறுவனம் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்தில் 1973-இல் உருவான ஆல்டோ என்னும் கணினியின் திரை, அகலத்தில் 606 புள்ளிகளும் உயரத்தில் 808 புள்ளிகளும் மட்டுமே கொண்டது. அவ்வளவு குறுகிய இடத்தில் பல வேலைகளை வைத்துக்கொள்ள வேண்டுமே என்ற நெருக்கடியில்தான், ஒரு காகிதத்தின்மேல் இன்னொரு காகிதம் கிடப்பதுபோல் ஒரு சாளரத்தின்மேல் இன்னொரு சாளரம் படிந்து கிடக்கலாம் என்ற உபாயத்தை ஆலன் கே முதலானோர் அங்கே வளர்த்தெடுத்தார்கள். இடப்பற்றாக்குறையே சாளரத்தின் தாய் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் அதே ஜெராக்ஸ் நிறுவனம் 1981-இல் ஸ்டார் என்னும் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் ஆவணச் சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல், தரையில் பதித்த ஓடுகளைப்போல் அருகருகே நிற்கும்படி செய்யப்பட்டது. ஒன்றையொன்று மறைக்காதபடி சாளரங்களை நகர்த்தி வைப்பதிலேயே மனிதர்கள் வெகுநேரத்தைச் செலவிடுகிறார்கள் என்று அதன் வடிவமைப்பாளர்கள் கண்டறிந்ததே அதற்குக் காரணம். 1984 ஜனவரியில் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ், 512-க்கு 342 புள்ளிகள் கொண்ட ஒன்பது அங்குலத் திரையில், மேற்படியும் சாளரங்களையே ஏற்றுக்கொண்டது. 1985 நவம்பரில் வந்த விண்டோஸ் முதற்பதிப்போ சாளரங்களை அருகருகே பதித்தது. இரண்டாண்டுக்குப்பின் வந்த அதன் இரண்டாம் பதிப்பு மேற்படிதலுக்கு மாறியது.

இவ்வாறு, அடுக்கி வைத்தல், பதித்து வைத்தல் என்னும் இரண்டு சித்தாந்தங்கள் ஆரம்பத்திலிருந்தே ஒன்றோடொன்று வாதிட்டு வந்திருக்கின்றன. சாரா பிளை, ஜாரெட் ரோசன்பர்க் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1986-இல் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பரிசோதித்தபோது, சாளரங்களை அதிகம் அசைக்க வேண்டாத வேலைகள் பதித்த அமைப்பில் விரைவாக முடிந்தன என்றும், அதிகம் அசைக்க வேண்டிய வேலைகளில், தேர்ச்சி பெற்றவர்களுக்கு மேற்படியும் அமைப்பே அனுகூலமாயிருந்தது என்றும் கண்டார்கள். வேலையின் சுபாவத்தைப் பொறுத்தே எது சிறந்தது என்பது அமையும். ஆகையால் இன்றைய இயங்குதளங்கள் எல்லாமே இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. விண்டோஸில் 2009 முதல், சாளரத்தைத் திரையின் இட ஓரத்துக்கோ வல ஓரத்துக்கோ இழுத்துச் சென்றால் அது பாதித் திரையில் பதிந்துகொள்கிறது. லினக்ஸில் சாளரங்களையும் பட்டைகளையும் அமைத்துத் தரும் பெரிய திரைச்சூழல்கள் அனைத்திலும் இவ்வசதி உண்டு. மேக்கில் ஓரத்துக்கு இழுத்துப் பதிக்கும் வசதி 2024-இல் வந்த செகோயா பதிப்பில்தான் இயல்பாகச் சேர்ந்தது. விண்டோஸிலிருந்து பழைய மேக் பதிப்புக்கு மாறியவர்கள் சாளரத்தை ஓரத்தில் மோதி மோதிப் பார்த்தும் அது பதியாததற்குக் காரணம் இதுவே. அத்தகையவர்கள் ரெக்டாங்கிள் என்னும் இலவச மென்பொருளை நிறுவி அக்குறையைத் தீர்த்துக்கொள்ளலாம்.

சாளரம் யாருக்குச் சொந்தம்?

மாறுகிறவர்களைக் குழப்பும் விஷயங்களில் தலையாயது, சாளரத்தை ஒவ்வோர் இயங்குதளமும் யாருடைய உடைமையாகக் கருதுகிறது என்பதேயாம். இதை ஒரு முறை விளங்கிக்கொண்டால், விநோதமாகத் தோன்றிய பல நடத்தைகள் நியாயமாகத் தோன்றத் தொடங்கும்.

விண்டோஸில் ஒவ்வொரு சாளரமும் தனக்குத்தானே ஒரு ராஜ்யம். அதன் மெனு அதன் தலையிலேயே இருக்கிறது. கடைசிச் சாளரத்தை மூடினால் பெரும்பாலும் அந்த மென்பொருளும் உடன் முடிந்துபோகிறது. ஆல்ட்-டேப் அழுத்தினால் திறந்திருக்கும் சாளரங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கின்றன. 1995 ஆகஸ்ட் 24-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 95, திரையின் அடியில் டாஸ்க்பார் என்னும் பட்டையை அமைத்து, திறந்த சாளரங்களுக்கெல்லாம் அங்கே ஒரு பெயர்ப்பலகை மாட்டி வைத்ததிலிருந்து, அதில் பழகியவர்களின் கண் எதைத் தேடினாலும் அடிப்பக்கம் போவதே சம்பிரதாயமாகிவிட்டது.

மேக்கில் ராஜ்யம் மென்பொருளுடையது. சாளரங்கள் அதன் குடிகள். மெனு திரையின் உச்சியில் ஒன்றே ஒன்றாக நின்று, எந்த மென்பொருள் முன்னே இருக்கிறதோ அதற்கேற்ப மாறுகிறது. சிவப்புப் பொத்தானை அழுத்திச் சாளரத்தை மூடினாலும் மென்பொருள் பல சமயங்களில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை முடிக்கக் கமாண்ட்-க்யூ அழுத்த வேண்டும். கமாண்ட்-டேப் அழுத்தினால் மென்பொருள்களே மாறும். ஒரே மென்பொருளின் இரண்டு சாளரங்களுக்கிடையே தாவ, அமெரிக்க அமைப்புக் கீபோர்டில் டேபுக்கு நேர்மேலே உள்ள கீயைக் கமாண்டுடன் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டு கடிதங்களை ஒரே மென்பொருளில் திறந்து வைத்துக்கொண்டு, கமாண்ட்-டேபை எத்தனை தடவை அழுத்தியும் இரண்டாவது கடிதம் வரவில்லையே என்று திகைப்பவர்களுக்கு இந்த ஒரு கீயே விமோசனம். மஞ்சள் பொத்தானால் சுருக்கிய சாளரம் கமாண்ட்-டேபினால் மட்டும் மீண்டும் எழாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே மேக்கில் சுருக்குவதைவிட, கமாண்ட்-ஹெச் அழுத்தி மென்பொருளை முழுதுமாக மறைத்து வைப்பதே சௌகரியம். அப்படி மறைந்தது கமாண்ட்-டேபில் உடனே திரும்பும்.

லினக்ஸின் நிலை இவ்விரண்டுக்கும் வேறானது. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் தோன்றிய எக்ஸ் என்னும் சாளர அமைப்பு, திரையில் வரையும் வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, சாளரங்களை எங்கே வைப்பது, அவற்றுக்கு எத்தகைய சட்டம் பூட்டுவது என்ற நிர்வாகத்தைத் தனியான வேறொரு நிரலிடம் ஒப்படைத்துவிட்டது. அந்த ஒரு தீர்மானத்தின் விளைவாக, லினக்ஸில் ஒரே கணினியில் பல திரைச்சூழல்கள் செழித்து வளர்ந்தன. 1996-இல் தொடங்கிய கேடிஇ, 1997-இல் தொடங்கிய க்னோம், எளிய கணினிகளுக்கு உகந்த எக்ஸ்எஃப்சிஇ, லினக்ஸ் மின்ட் குழுவினர் உருவாக்கிய சினமன் என்று இவை பலவகைப்படும். இவற்றுள் சினமனும் கேடிஇயும் அடியில் பட்டை, மூலையில் மெனு என்று விண்டோஸில் பழகிய கண்ணுக்கு இதமாக இருக்கும். க்னோம் அப்படியன்று. 2011-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அது ஒரு புதுத் தத்துவத்தைக் கைக்கொண்டது. சாளரத்தைச் சுருக்கி வைப்பதற்குத் தேவையே இல்லை, வேறு சாளரம் வேண்டுமானால் விண்டோஸ் சின்னம் பொறித்த கீயை (லினக்ஸில் அதைச் சூப்பர் கீ என்பார்கள்) ஒரு முறை அழுத்தினால் எல்லாச் சாளரங்களும் சிற்றுருவாய் விரிந்து காட்சி தரும், அதில் வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது அதன் கொள்கை. ஃபெடோராவில் க்னோமை அதன் இயல்பான உருவில் காண்பவர்கள், சுருக்கும் பொத்தானும் பெரிதாக்கும் பொத்தானும் காணாமல் மலைத்துப்போவது இதனால்தான். உபுண்டு அப்பொத்தான்களை வைத்திருப்பதோடு, இடப்புறத்தில் ஒரு பட்டையையும் நிரந்தரமாக நிறுத்தியிருக்கிறது.

இன்னொரு வசதியைச் சொல்லாமல் விடலாகாது. சாளரத்தை நகர்த்த அதன் தலைப்பட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது விண்டோஸ் கற்பித்த பழக்கம். க்னோமிலோ சூப்பர் கீயை அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்த இடத்தைப் பற்றி இழுத்தாலும் அது உடன் வரும். தலைப்பட்டை திரைக்கு மேலே போய் மறைந்துவிட்ட பெரிய சாளரத்தையும் இவ்வாறு எளிதில் மீட்கலாம்.

திரையின் விஸ்தீரணம்

இனி, இருக்கும் இடம் எவ்வளவு என்ற கணக்கைப் பார்ப்போம். பழைய மானிட்டர்கள் 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருந்தன. இன்றைய திரைகளில் மிகப் பல 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கின்றன. மூலைக்கு மூலை அளவு ஒன்றே ஆனாலும், அகன்ற திரையின் மொத்தப் பரப்பு பழைய விகிதத்தைவிடச் சுமார் 11 சதவீதமும், அதன் உயரம் சுமார் 18 சதவீதமும் குறைவு. கடிதம், கட்டுரை, கணக்குப் பதிவேடு, இணையப் பக்கம் என்று நாம் கணினியில் படிக்கும் பெரும்பாலானவை மேலிருந்து கீழே நீள்பவை; நமக்குக் கிடைத்திருக்கும் இடமோ பக்கவாட்டில் நீள்கிறது. ஆகையால் இன்றைய திரையில் அருமையான பொருள் உயரமே.

இந்த உண்மையை மனத்தில் கொண்டு பார்த்தால், இயங்குதளத்தின் பட்டைகளை எங்கே வைப்பது என்பது அழகைப் பற்றிய பிரச்சினையாக மட்டும் நில்லாமல் பொருளாதாரப் பிரச்சினையாகவே ஆகிறது. மலிவான மடிக்கணினிகளில் வெகுகாலம் வழங்கிய 1366-க்கு 768 என்ற திரையில், விண்டோஸ் 10-இன் டாஸ்க்பார் மட்டும் 40 புள்ளி உயரத்தை, அதாவது இருபதில் ஒரு பங்குக்கு மேல், எடுத்துக்கொண்டது. அதன்பிறகு உலாவியின் தலை, முகவரிப் பட்டை, மென்பொருளின் கருவிப்பட்டை என்று ஒவ்வொன்றும் தன் பங்கைக் கேட்கும். அதே பட்டையை இடப்புறமோ வலப்புறமோ நிறுத்தினால், செழிப்பாக உள்ள அகலத்திலிருந்து அது இடம் பெறும். அருமையான உயரம் மிஞ்சும். விண்டோஸ் 10-இல் இதைச் செய்ய முடிந்தது. 2021-இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது அந்தச் சுதந்திரம் நீக்கப்பட்டிருந்தது. மேக்கில் டாக் என்னும் பட்டையை இடப்புறம், வலப்புறம், அடிப்புறம் மூன்றிலும் வைக்கலாம். வேண்டாதபோது தானே மறைந்துகொள்ளவும் செய்யலாம். கேடிஇ, சினமன், எக்ஸ்எஃப்சிஇ ஆகியவற்றில் பட்டையை எந்த ஓரத்துக்கும் மாற்றலாம். புது இயங்குதளத்தில் முதலில் செய்யத்தக்க சீர்திருத்தம் இதுவே என்பது என் அபிப்பிராயம்.

மேக்கின் மெனு ஏன் திரையின் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. பால் ஃபிட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1954-இல் வெளியிட்ட ஒரு விதி, இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே கை அதை அடையும் நேரம் அமைகிறது என்று கூறுகிறது. திரையின் ஓரத்தில் மவுஸின் அம்பு தானே தடைப்பட்டு நின்றுவிடுவதால், ஓரத்திலுள்ள இலக்கு எல்லையற்ற ஆழம் உடையதுபோல் ஆகிவிடுகிறது. நிதானிக்காமல் வேகமாகத் தள்ளினாலும் தவறாது. நான்கு மூலைகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். மேக்கில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு கட்டளையை நியமித்து, அம்பை மூலையில் மோதியவுடன் சாளரங்களெல்லாம் விரியவோ, எல்லாம் விலகி டெஸ்க்டாப் தெரியவோ செய்யலாம். கேடிஇயிலும் சினமனிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

எழுத்தின் பருமனும் இடத்தைத் தீர்மானிக்கும் ஒரு காரணம். இன்றைய திரைகளில் புள்ளிகள் மிகச் சிறியவை. எனவே இயங்குதளங்கள் எல்லாவற்றையும் 125, 150, 200 சதவீதம் என்று பெருக்கிக் காட்டுகின்றன. 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையை 150 சதவீதத்தில் வைத்தால், மென்பொருள்களுக்கு உண்மையில் கிடைப்பது 1280-க்கு 720 புள்ளி அளவுள்ள இடமே. புது இயங்குதளத்தில் எல்லாம் பெருத்துத் தோன்றுகிறது, இடமே போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள், பழைய இயங்குதளத்தில் இந்தச் சதவீதம் என்னவாக இருந்தது என்று பார்த்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பல சமயங்களில் குற்றம் முழுவதும் இந்த ஓர் எண்ணிலேயே அடங்கியிருக்கும்.

அறை அறையாகப் பிரித்தல்

எவ்வளவு சிக்கனம் செய்தாலும் ஒரு திரையில் வசதியாகக் கொள்வது இரண்டு அல்லது மூன்று சாளரங்களே. மிச்சமுள்ளவற்றுக்கு எங்கே இடம்? இந்தக் கேள்விக்கு மிக அழகான விடையை 1986-இல் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டு, ஆஸ்டின் ஹெண்டர்சன் என்னும் இருவரும் அளித்தார்கள். மனிதர்கள் சாளரங்களைத் தாறுமாறாகப் பயன்படுத்துவதில்லை. ஒரு வேலைக்கு ஒரு குழு, இன்னொரு வேலைக்கு இன்னொரு குழு என்று கூட்டம் கூட்டமாகவே பயன்படுத்துகிறார்கள். வேலை மாறும்போது ஒரு குழு முழுவதும் போய் மற்றொரு குழு முழுவதும் வந்தால், திரையின் நெருக்கடி தானே தணியும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். அந்தத் தத்துவத்தின்படி அவர்கள் அமைத்த முறைக்கு அறைகள் என்றே பெயரிட்டார்கள்.

இன்று எல்லா இயங்குதளங்களிலும் இவ்வறைகள் உண்டு. லினக்ஸ் உலகில் இவை வெகுகாலமாகவே வழக்கில் இருந்தன. மேக்கில் 2007-இலும், விண்டோஸில் 2015-இலும் இயல்பான அங்கமாயின. விண்டோஸில் விண்டோஸ்-கன்ட்ரோல்-டி அழுத்தினால் புதிய அறை உண்டாகும்; விண்டோஸ்-கன்ட்ரோலுடன் இட, வல அம்புக் கீகளை அழுத்தி அறைவிட்டு அறை போகலாம். மேக்கில் கன்ட்ரோலுடன் அம்புக் கீ. க்னோமில் சூப்பருடன் பேஜ்அப், பேஜ்டவுன். க்னோமில் அறைகளை முன்கூட்டி உண்டாக்க வேண்டுவதில்லை. கடைசி அறை எப்பொழுதும் காலியாகக் காத்திருக்கும், அதில் ஒரு சாளரம் புகுந்தவுடன் அடுத்த காலி அறை தானே தோன்றும். மேக்கிலோ, பச்சைப் பொத்தானை அழுத்தி முழுத்திரையாக்கிய சாளரம் தனக்கென ஓர் அறையை எடுத்துக்கொண்டுவிடும். பெரிதாக்கத்தான் நினைத்தோம், ஆனால் மற்றச் சாளரங்களெல்லாம் மறைந்துவிட்டனவே என்று புதியவர்கள் பதறுவது இதனால்தான். ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு பச்சைப் பொத்தானைத் தொட்டால், அறை மாறாமல் சாளரம் மட்டும் பெரிதாகும். மேலும், அண்மையில் பயன்படுத்திய வரிசைப்படி அறைகளைத் தானே மாற்றி அடுக்கும் ஒரு விருப்பம் மேக்கில் ஆரம்பத்திலிருந்தே இயக்கத்தில் இருக்கிறது. அமைப்புகளில் அதை நிறுத்திவிட வேண்டும். அறைகள் நிலைத்த ஸ்தானத்தில் இருந்தால்தான் கைக்கு அப்பியாசம் உண்டாகும்.

அறைகளை உபயோகிப்பதில் ஒரு நியமம் தேவை. மென்பொருளைக் கொண்டு அறையைப் பிரிப்பதைவிட, வேலையைக் கொண்டு பிரிப்பதே பயனுள்ளது. கணக்கு எழுதுவதற்குரிய அட்டவணையும் அதற்கு ஆதாரமான ரசீதுகளும் ஓர் அறையில் இருக்கட்டும். கடிதப் போக்குவரத்து வேறோர் அறையில் இருக்கட்டும். மூன்று அறைகளுக்குமேல் வைத்துக்கொண்டால் எதை எங்கே வைத்தோம் என்ற தேடல் மறுபடியும் தலைதூக்கும்.

இரண்டாவது மானிட்டர் ஒன்றை இணைத்துக்கொள்ள வசதியுள்ளவர்களுக்கு இந்நெருக்கடி பெருமளவு குறையும். விண்டோஸிலும் க்னோமிலும், விண்டோஸ் சின்னமுள்ள கீயோடு ஷிஃப்டையும் அம்புக் கீயையும் சேர்த்து அழுத்தினால் சாளரம் அடுத்த மானிட்டருக்குத் தாவும். க்னோமின் இயல்பான ஏற்பாட்டில் அறை மாறும்போது முதன்மை மானிட்டர் மட்டுமே மாறும். இரண்டாவது மானிட்டரில் உள்ளவை அசையாமல் நிற்கும். இதைக் கோளாறென்று எண்ணாமல், எப்பொழுதும் கண்முன் இருக்க வேண்டியதை அங்கே வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் எழுதுவோருக்கு

தமிழில் எழுதிப் படிக்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, நம் எழுத்துகள் அகலமானவை. நம் சொற்களும், வேற்றுமை உருபும் இடைநிலையும் விகுதியும் ஒட்டி நீள்பவை. ஆகையால் ஆங்கிலத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் போதுமான பாதித் திரை, தமிழ்க் கட்டுரை எழுதுகிறவருக்குப் போதாமல், ஒரு வரியில் நாலைந்து சொற்களுக்குமேல் நில்லாதபடி ஆகிவிடலாம். அத்தகைய இடங்களில், எழுதும் சாளரத்துக்கு மூன்றில் இரண்டு பங்கும், ஆதாரமாகப் பார்க்கும் சாளரத்துக்கு மூன்றில் ஒரு பங்கும் ஒதுக்குவது உசிதம். விண்டோஸ் 11-இல் விண்டோஸ்-இசட் அழுத்தினால், திரையின் அளவுக்கேற்ப இத்தகைய பிரிவுகள் படமாகத் தோன்றும். மற்றவற்றில், பதித்த இரண்டு சாளரங்களுக்கு இடையிலுள்ள எல்லைக்கோட்டைப் பிடித்து இழுத்து விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மொழி மாற்றும் கீ. விண்டோஸிலும் க்னோமிலும் விண்டோஸ் சின்னமுள்ள கீயுடன் ஸ்பேஸ் அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். மேக்கில் கமாண்ட் கீயுடன் ஸ்பேஸை அழுத்தினால் தேடல் பெட்டி திறந்துகொள்ளும். மொழி மாற்றக் கன்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்த வேண்டும். ஒரு பத்திக்குப் பத்துத் தடவை மொழி மாற்றுகிறவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. சாளரங்களை நகர்த்தும் கீகளை உங்கள் விருப்பப்படி மாற்றியமைக்கும்போது, மொழி மாற்றும் கீயை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதனோடு மோதாதபடி மற்றவற்றை அமைத்துக்கொள்ளுங்கள்.

பழகும் முறை

புது இயங்குதளத்தை நிறுவிய உற்சாகத்தில், அதைப் பழையதன் பிரதிபிம்பமாக ஆக்கிவிட வேண்டுமென்று, கிடைத்த இணைப்பு மென்பொருள்களையெல்லாம் ஏற்றி வைப்பவர்கள் அநேகர். க்னோமுக்கு அடியில் டாஸ்க்பாரை ஒட்டவும், மேக்கில் விண்டோஸ் முறையிலான ஆல்ட்-டேபைக் கொண்டுவரவும் நிரல்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. ஆனால் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது இத்தகைய ஒட்டுகள் சில சமயம் செயலிழந்துவிடும். அப்பொழுது புதிய முறையையும் கற்காமல், பழைய முறையையும் இழந்து, இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்க நேரும். அதிலும், லினக்ஸின் முழுப் பயனை அடைய வேண்டுமென்ற ஆசையில், 2009-இல் தோன்றிய ஐ3 போன்ற, எல்லாச் சாளரங்களையும் தானே பதித்து வைத்துக் கீபோர்டாலேயே ஆளப்படும் நிர்வாகிகளை முதல் வாரத்திலேயே மேற்கொள்வது, அவை எவ்வளவு திறமை வாய்ந்தவையானாலும், புதியவர்களுக்கு உகந்ததன்று.

முறையாகச் செய்வதானால், பட்டையின் இடம், எழுத்தின் பருமன், மொழி மாற்றும் கீ ஆகிய மூன்றை மட்டும் முதலில் சரிசெய்துகொண்டு, மற்றதனைத்தையும் இயங்குதளம் தந்தபடியே வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஐந்து காரியங்களுக்குரிய கீகளை ஒரு தாளில் எழுதி மானிட்டரின் அருகில் ஒட்டி வைக்க வேண்டும்: சாளரத்தை இடப்பாதியில் பதித்தல், வலப்பாதியில் பதித்தல், சாளரம் விட்டுச் சாளரம் தாவுதல், எல்லாவற்றையும் ஒருங்கே விரித்துக் காணுதல், அறைவிட்டு அறை போதல். இவ்வைந்தும் கைக்குப் படிந்த பின்னரும் ஏதேனும் ஒரு குறை தொடர்ந்து உறுத்துமானால், அந்தக் குறைக்கு மட்டும் உரிய இணைப்பைத் தேடிக்கொள்ளலாம். ஒரே கணினியை வீட்டில் பலர் உபயோகிப்பதானால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கை உண்டாக்கிக் கொடுத்துவிடுங்கள். ஒருவருடைய ஏற்பாடு மற்றவருடைய கையைக் குழப்பாது. வயது முதிர்ந்தவர்களுக்கு இயங்குதளத்தை மாற்றித் தருகிற இளைஞர்கள், எல்லாம் எளிது என்று சொல்லி எழுந்து போய்விடாமல், அந்தத் தாளைத் தம் கையாலேயே பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

திரையை ஆளும் சாமர்த்தியம் எந்த ஓர் இயங்குதளத்துக்கும் தனியுடைமையன்று. இரண்டு சாளரங்களை அருகருகே நிறுத்தவும், மூன்றாவதை வேண்டும்போது அழைக்கவும், வேலைக்கு ஓர் அறை ஒதுக்கவும் தெரிந்தவர், எந்தக் கணினியின்முன் அமர்ந்தாலும் தம் வேலையைத் தடையின்றிச் செய்வார். ஆகையால் பழைய கணினியை வைத்துக்கொண்டு, மாறலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள், பழக்கம் போய்விடுமே என்ற அச்சத்தால் மட்டும் பின்வாங்க வேண்டாம். பொறுமையுடன் இடம் கொடுத்தால் கை புதிய வரிசையைக் கற்றுக்கொள்ளும்.